ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணங்கள்

அத்தியாயம் 14

போன வாரம் ஆறாங்கட்டைத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் கேசரி கிண்டி ஆளுக்கு ஒரு கை கொடுத்தார்களே, அந்தக் கேசரி சிலருக்கு இன்னும் செரித்திருக்காது. அதற்குள் இந்தச் சனிக்கிழமை வந்து தொலைத்துவிட்டது.

கேசரிக்குக் காரணம் ரோகினி. பெடாஸைச் சுற்றியுள்ள தோட்டங்களில், இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தும் நீல ஐசி என்கிற குடியுரிமை அட்டை கிடைக்காமல் அல்லாடுகிற பிள்ளைகள் முப்பத்தேழு பேர். அவர்களுக்காக மனு எழுதிக் கொடுக்க சிரம்பானிலிருந்து ருமைசா என்ற இளம் வக்கீல் முன்வந்தாள். "யார் யாருக்கு எந்த வழின்னு முதல்ல பிரிச்சுக் கொடுங்கக்கா" என்று அவள் கேட்க, ரோகினி மடிக்கணினியைத் திறந்தாள். அரை மணி நேரத்தில் முப்பத்தேழு பேருக்கும் நேர்வழிதான் என்று வந்துவிட்டது. அந்த முப்பத்தேழில் ஒருவன் அவள் தம்பி யோகேந்திரன்.

தம்பி என்றால் கூடப் பிறந்தவன் இல்லை. ரோகினியைப் பெற்ற புஷ்பவள்ளி இறந்து எட்டாம் மாதம், அப்பா தங்கராஜு பஞ்சாலையைக் கட்டிக்கொண்டார். பஞ்சாலையின் ஒரே மகன் யோகி. பஞ்சாலைக்குப் பச்சை ஐசி. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய, குடியுரிமை இல்லாத அட்டை அது. தோட்டத்தில் பிறந்தவளை அவள் அப்பன் பதிந்து வைக்காமல் போனதன் பலன்.

யோகிக்கு இந்த ஆகஸ்டு இருபத்தொன்றாம் தேதி இருபத்தொரு வயது முடிகிறது. அதற்குள் மனு உள்ளே போகாவிட்டால் அந்தக் கதவு அவனுக்குச் சாத்திக்கொள்ளும். இன்றைக்குத் தேதி இரண்டு. மூன்று மணிக்கு ருமைசா மண்டபத்துக்கு வந்து எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவாள். திங்கட்கிழமை காலையில் மனுக்கட்டு பதிவு அலுவலகத்துக்குள் போகும்.

ரோகினி காலை ஒன்பதரைக்கே சிரம்பானிலிருந்து வந்துவிட்டாள். ஆடிக் கூழுக்கு அண்டா கழுவுகிற சத்தத்துக்கு நடுவில், மண்டபத்து மடக்கு மேசையில் கணினியையும் முப்பத்தேழு பேரின் கோப்புகளையும் வைத்தாள். கடைசியாக ஒருமுறை சரிபார்த்து அச்சடித்தால் வேலை முடிந்தது.

அவளுக்கு இது பழகிய வேலைதான். சுங்கை காடுட்டில் கையுறை செய்கிற கம்பெனியில் அவள் நாள் முழுக்க இதையேதான் செய்கிறாள். ஒரு பட்டியலில் எந்தப் பெட்டி என்றைக்குச் செய்தது என்றிருக்கும், இன்னொன்றில் எந்த இயந்திரத்தை என்றைக்குப் பழுது பார்த்தார்கள் என்றிருக்கும். இரண்டையும் ஒட்டி, பழுது பார்ப்பதற்கு முன் செய்ததா பின் செய்ததா என்று ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பெயர்ச்சீட்டு ஒட்ட வேண்டும்.

இங்கேயும் அதே கதைதான். முதல் பட்டியலில் பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, தகப்பனின் ஐசி எண். இரண்டாவதில் தகப்பனின் ஐசி எண், கல்யாணத் தேதி. பெயரை வைத்து ஒட்ட முடியாது, ஏனென்றால் பட்டியலில் கணேசமூர்த்திகளே நான்கு பேர். எண்ணை வைத்து ஒட்டிவிட்டு, இரண்டு தேதியையும் பக்கத்தில் நிறுத்தி ஒரே கேள்விதான் கேட்க வேண்டும். எது முந்தி?

பெற்றோரின் கல்யாணம் பதிவான பிறகு பிறந்த பிள்ளைக்கு 'பின்'. தகப்பனின் குடியுரிமை அதற்கு வரும், காகிதக் குளறுபடியைச் சரி செய்தால் போதும். பதிவுக்கு முன்பே பிறந்துவிட்டால் 'முன்'. தாய்க்கு என்ன நிலையோ பிள்ளைக்கும் அதுதான். அதற்கு வேறு மனு, வேறு அலைச்சல், கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும்.

போன வாரம் முப்பத்தேழும் 'பின்'. யோகியும் 'பின்'.

அச்சடிக்கும் முன், கம்பெனிப் பழக்கத்தில் ரோகினி ஒரு காரியம் செய்தாள். தேதிக்குப் பக்கத்தில் கிழமையையும் வரவழைத்தாள். விடுமுறை நாளில் செய்ததாகப் பெட்டிக்குத் தேதி போட்டிருந்தால் ஏதோ தில்லுமுல்லு என்று அவள் மேலாளர் சொல்லுவார். அந்தப் பழக்கம் அவளை விடவில்லை.

ஞாயிறு. ஞாயிறு. ஞாயிறு. ஞாயிறு.

இருபத்தொன்பது கல்யாணங்களில் இருபத்தாறு ஞாயிற்றுக்கிழமை. மீதி மூன்றும் பொது விடுமுறை நாள்கள். ஆடியில் ஒன்றுகூட இல்லை, மார்கழியிலும் இல்லை.



"கணேசமூர்த்தி மாமா, கொஞ்சம் இங்க வாங்க."

கோயில் செயலாளர் கணேசமூர்த்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். தோட்டத்து மண்டோராக, அதாவது கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி எப்போதும் ஓட்டம்தான்.

"மாமா, இந்த ரெண்டாவது லிஸ்ட்ட எங்கேருந்து எழுதுனீங்க?"

"கோயில் புஸ்தகத்துல இருந்துதான்மா. நீ கல்யாணத் தேதி கேட்ட. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் நம்மகிட்ட எழுதி வெச்சிருக்கு இல்ல? ராத்திரி கண்ணு முழிச்சு எழுதுனேன்."

"ஜேபிஎன் பதிவு ஆபீஸ் ஞாயித்துக்கிழம தொறப்பாங்களா மாமா?"

"அதெப்படிலா தொறப்பான்?"

"அப்ப இந்த இருபத்தாறு பேரும் அங்க போயி எப்படிக் கல்யாணம் பதிஞ்சாங்க?"

கணேசமூர்த்தி திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார். "பதிஞ்ச தேதியா? நீ கல்யாணத் தேதின்னுதானம்மா கேட்ட? தாலி கட்டுன தேதிதான் கல்யாணத் தேதி. வேற என்னா தேதி இருக்கு?"

பாவம், அவரைச் சொல்லி என்ன பயன்? அந்த மண்டபத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள். கோயிலில் மேளம் கொட்டி, ஊர் கூடி, சாப்பாடு போட்டு, மாலையோடு படம் பிடித்தால் அது கல்யாணம். ஜேபிஎன்னுக்குப் போய்க் கையெழுத்துப் போடுவது பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது தேவைப்படுகிற ஒரு சூராட், வெறும் சான்றிதழ். அதைக் கல்யாணம் என்று யார் சொன்னது?

"மாமா, எல்லா வீட்டுக்கும் போன் போடுங்க. கல்யாண சூராட்ட கையோட எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க. பன்னெண்டு மணிக்குள்ள."

"என்னாம்மா ஆச்சு? கேசரியெல்லாம் கொடுத்துட்டமே!"

"கேசரிய அப்புறம் பாத்துக்கலாம் மாமா, போன போடுங்க."

பதினொரு மணியிலிருந்து மோட்டார் சைக்கிளிலும் வேனிலும் ஆள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவரும் பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்ட, ரோகினி கோயில் தேதியை அழித்துவிட்டுப் பதிவுத் தேதியைப் போட்டாள். போட்ட கணத்தில் பக்கத்துக் கட்டத்தில் சீட்டு மாறியது, இல்லையென்றால் அப்படியே இருந்தது. 'பின்' என்று நின்றால் எதிரே நிற்கிற தாய் மூச்சு விடுவாள். 'முன்' என்று மாறினால் ரோகினிக்கு அந்த முகத்தைப் பார்க்கிற தைரியம் இல்லை. "வழி இருக்குக்கா, வேற மனு இருக்கு" என்று கணினியைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தாள்.

இதில் இன்னொரு விஷயம் உண்டு, சொல்லாமல் விட்டால் கதைசொல்லிக்கு அழகில்லை. தன் வீட்டுக் கல்யாணம் தாமதமாகத்தான் பதிவானது என்று ரோகினிக்கு அரசல்புரசலாகத் தெரியும். யோகி நடந்து பழகிய பிறகு, அப்பாவும் சின்னம்மாவும் அவனைத் தூக்கிக்கொண்டு ஒருநாள் எங்கேயோ போய் வந்தார்கள். அவள் அப்போது விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். போன வாரம் 'பின்' என்று வந்தபோது அது நினைவுக்கு வந்ததா? வந்தது. ஆனால் சந்தோஷத்தில் யாராவது சந்தேகம் கேட்பார்களா? அவளும் கேட்கவில்லை.

பன்னிரண்டரைக்கு முப்பத்தாறு வரிகள் முடிந்தன. மிச்சம் ஒன்று, இருபத்திரண்டாவது வரி. யோகேந்திரன் த/பெ தங்கராஜு.

பஞ்சாலை சோற்றுப் பாத்திரத்தோடு வந்தாள். பின்னால் யோகி, கையில் தண்ணீர்ப் புட்டியும் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் பையும். ஒல்லியான பையன், வெல்டிங் பொறி பட்டுக் கைமுழுக்கப் புள்ளி. வேலையில் கெட்டிக்காரன். சுங்கை காடுட்டில் ஒரு பட்டறைக்காரர் அவன் கைவேலையைப் பார்த்துவிட்டு, ஐசியோடு வந்தால் அன்றைக்கே நிரந்தர வேலை என்று சொல்லி வைத்திருக்கிறார். ஐசிதான் இல்லை.

"எல்லாருக்கும் பாத்துட்டியாமா? நம்மள்து கடைசியா?" என்றாள் பஞ்சாலை. "சாப்புட்டுப் பாரு. காலையில இருந்து பட்டினியா கெடக்கற."

"முதல்ல சூராட்ட கொடுங்க சின்னம்மா."

பையிலிருந்து திருமணச் சான்றிதழ் வந்தது. பதினான்கு, மே, இரண்டாயிரத்து எட்டு. ஒரு புதன்கிழமை.

ரோகினி தட்டினாள். யோகி பிறந்தது ஆகஸ்டு இருபத்தொன்று, இரண்டாயிரத்து நான்கு. கட்டம் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

முன்.

"போன வாரம் 'பின்'னு இருந்துச்சு?" என்றான் யோகி.

"போன வாரம் தாலி கட்டுன தேதியில பாத்தேன்டா. அது தப்பு."

"ஓ." அவன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். "சரிலா. கேசரியாவது கெடச்சுச்சு."

பஞ்சாலைக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்ப என் பிள்ளைக்குக் கெடைக்காதா? கெடைக்கும்னு நீதான சொன்ன? வேப்பிலைக் கரகம் எடுக்கறேன்னு அம்மனுக்கு வேண்டிக்கிட்டேனேம்மா!"

ரோகினி ருமைசாவுக்குப் போன் போட்டாள். ஒலிபெருக்கியில் போட்டதுதான் அவள் செய்த முட்டாள்தனம்.

"பதிமூணு பேரு 'முன்'னா மாறிட்டாங்களா? நல்லவேளை, திங்கக்கிழம கொடுக்கறதுக்கு முன்னாடியே பாத்தீங்க. தப்பான தேதியோட போயிருந்தா மொத்தக் கட்டையும் திருப்பி அனுப்பியிருப்பாங்க. மனுத் தாள் நான் எடுத்துட்டு வரேன். ஆனா அதுல ஒரு காரணக் கட்டம் இருக்குக்கா. ஏன் தாமதமா பதிஞ்சீங்கன்னு எழுதணும்."

"தெரியாதுன்னு எழுதலாமா?"

"நெஜமாவே தெரியாதவங்க எழுதலாம். ஒருதடவ விண்ணப்பம் கொடுத்துட்டு விட்டவங்க அப்படி எழுதக் கூடாது. ஆபீஸ்ல பதிவு இருக்கும், பொய் சொன்னதா ஆயிடும். உங்க வீட்டுல எப்படி? எதுக்கும் பழைய பேப்பரையெல்லாம் பாத்து வைங்க."

யோகி சிவப்புப் பையை மேசையில் கவிழ்த்தான். மின்சார ரசீது, மருத்துவமனை அட்டை, அவனுடைய ஊசி அட்டை. இவற்றுக்கு நடுவில் நான்காக மடித்த ஒரு சீட்டு. அதைப் பிரித்து மலாயில் இருந்ததை உரக்கப் படித்தான்.

"ஏழு ஜூலை, ரெண்டாயிரத்து மூணு. கல்யாணப் பதிவு விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படுகிறது. முதல் மனைவியின் மரணச் சான்றிதழ் இணைக்கப்படவில்லை." அவன் நிமிர்ந்தான். "கா, நான் பொறக்கறதுக்கு ஒரு வருஷம் முந்தியே அப்பா போயிருக்காரு! ஒரே ஒரு சூராட் இல்லாமதான் திருப்பி அனுப்பியிருக்காங்க. அது எங்க போச்சு?"

ரோகினி அந்தச் சீட்டை வாங்கி, வந்த மடிப்பிலேயே மறுபடியும் மடித்தாள்.

அது எங்கே போயிற்று என்று உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும், அது தானே என்றுதான் அவள் இருபத்திரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டு மேசைமேல் அப்பா காகிதங்களை அடுக்கி வைத்திருந்தார். ஐசி நகல், பஞ்சாலையோடு மாலையும் கழுத்துமாக எடுத்த படம், அதன் கீழே அம்மாவின் மரணச் சான்றிதழ். அம்மா செத்துப்போனாள் என்று எழுதியிருந்த அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் அப்பா இன்னொருத்தியைப் பெண்டாட்டி என்று பதியப் போகிறார் என்பது அந்தப் பிள்ளைக்குப் புரிந்தது. பொறுக்கவில்லை. எடுத்துப் பள்ளிப் பையில் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அப்பா வீட்டையே புரட்டிப் போட்டார். "இங்க வெச்ச கடுதாசிய யாரு எடுத்தா?" என்று கேட்டார். ரோகினி தெரியாதென்று தலையை ஆட்டினாள், கூடச் சேர்ந்து தேடவும் செய்தாள். அம்மா இறந்தது தாய்வீடான குளுவாங்கில். நகல் வாங்க அங்கே போக வேண்டும், போவதற்கு வேலைக்கு லீவு போட வேண்டும். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப் போயிற்று. தாலிதான் கட்டியாகிவிட்டதே, அவசரம் என்ன? யோகியைப் பாலர் பள்ளியில் சேர்க்கப் போய், சூராட் கேட்ட பிறகுதான் அப்பா குளுவாங்குக்குப் பஸ் ஏறினார்.

மறைத்த காகிதம் இன்றைக்கும் சிரம்பானில், ரோகினியின் சான்றிதழ்க் கோப்பில்தான் இருக்கிறது. ஒவ்வொரு வேலைக்குப் போகும்போதும் கோப்பைத் திறப்பாள், பார்ப்பாள், மூடிவிடுவாள். அதற்கும் தம்பியின் ஐசிக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

"சின்னம்மா, கொஞ்சம் பின்கட்டுக்கு வாங்க. பேசணும்."

கூழ் காய்ச்சுகிற பின்கட்டில் அப்போது யாருமில்லை. பெரிய அண்டா கவிழ்ந்து கிடந்தது. பஞ்சாலை முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"சின்னம்மா, அந்தக் கடுதாசி..." ரோகினி கவிழ்ந்த அண்டாவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அத நான்தான் எடுத்தேன்."

பஞ்சாலை ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்மா. ஊதாக் கவருல, உன் ரிப்போட்டுப் புஸ்தகத்துக்குப் பின்னால வெச்சிருந்த."

"எங்க வெச்சேன்னு நான் இன்னும் சொல்லவே இல்லயே!"

பஞ்சாலை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காலையிலிருந்து முப்பத்தேழு முறை கேட்ட அதே கேள்வி ரோகினியின் வாயில் வந்தது. அதைக் கேட்க அவளுக்கே பயமாக இருந்தது. "எப்பப் பாத்தீங்க சின்னம்மா? யோகி பொறக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"நீ ஆறாவது முடிச்சு ஃபாரம் ஒன்னு சேந்த வருஷம். பள்ளிக்கூடத்துல உன் பெறப்பு சூராட் கேட்டாங்க. அவங்க பாத்துட்டுக் கொடுத்ததத் திருப்பி வைக்கறதுக்கு உன் பையத் தொறந்தேன்." பஞ்சாலையின் குரல் தாழ்ந்தது. "வயித்துல அவன் ஏழு மாசம். குனிய முடியாம தரையில உக்காந்துதான் தொறந்தேன்."

முன்.

"அப்பவே எடுத்து அப்பாகிட்டக் கொடுத்திருக்கலாமே! இன்னும் ரெண்டு மாசம் இருந்துச்சே! ஏன் சின்னம்மா கொடுக்கல?"

"கொடுத்தா உங்கப்பா சும்மா இருப்பாரா? அவரு கை ஓங்கற ஆளா இருந்தா ரெண்டு அடியோட போயிருக்கும். அவரு பேச்ச நிறுத்திடுவாரும்மா. கூடப் பொறந்த அண்ணன்கூட பதினோரு வருஷம் பேசாம இருந்தவரு. உன்கிட்டயும் பேசாமப் போனா நீ யாருகிட்டப் போவ? அப்ப நீ என்ன சின்னம்மான்னுகூடக் கூப்புட மாட்ட. 'ந்தா'ன்னுதான் கூப்புடுவ." பஞ்சாலை மூக்கை உறிஞ்சினாள். "அது உங்கம்மா கடுதாசி. தாயில்லாத பிள்ளகிட்ட இருந்து அதப் புடுங்க எனக்கு மனசு வரல. தாலிதான் கழுத்துல ஏறிடுச்சே, கடுதாசி என்னா பெரிய கடுதாசின்னு நெனச்சேன். அது வயித்துல இருந்தவன் தலையில விடியும்னு எனக்கு யாரு சொன்னா? சொல்லு, யாரு சொன்னா?"

ரோகினி அழுதுவிட்டாள். சின்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பன்னிரண்டு வயதில் அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள்.

"ரெண்டு பேருமா சேந்துதான் செஞ்சிருக்கீங்க."

வாசலில் யோகி. கையில் கழுவ எடுத்து வந்த சோற்றுப் பாத்திரம். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை.

"யோகி, கேளுடா..."

"எல்லாத்தையும் கேட்டுட்டேன்கா. நீ உங்கம்மாவுக்காக எடுத்த. எங்கம்மா உனக்காக மறச்சாங்க." பாத்திரத்தைத் திண்டின்மேல் வைத்தான். சத்தம் வராமல் வைத்ததுதான் ரோகினிக்குப் பயமாக இருந்தது. "எனக்காக யாருமே ஒன்னும் செய்யல. பேங்க் புக்கு இல்ல, லைசென்ஸ் இல்ல, ரோட்டுல போலீஸப் பாத்தா சந்துல பூந்து ஓடறேன். கேட்டா விதி விதின்னு சொன்னீங்க. நானும் விதின்னுதான் நெனச்சேன்."

"ஐயா, அம்மா சொல்றத ஒரு நிமிஷம் கேளுய்யா" என்று பஞ்சாலை கையை நீட்டினாள்.

அவன் திரும்பி மண்டபத்துக்குள் நடந்தான். ரோகினி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவதற்குள் வாசலில் மோட்டார் சத்தம் கேட்டது. செம்பனைக்கு நடுவில் போகிற மண்சாலையில் புழுதிதான் மிச்சம். போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தான்.

"கோவத்துல போயிருக்கான், மூணு மணிக்குள்ள வந்துருவான்" என்றாள் பஞ்சாலை. அவள் சொன்னதை அவளே நம்பவில்லை.

ரோகினி மேசையில் உட்கார்ந்தாள். அழுதுகொண்டிருக்க நேரமில்லை. பன்னிரண்டு வரிகளுக்குக் காரணக் கட்டத்தில் அவரவர் சொன்னதை எழுதினாள். 'கோயிலில் நடந்த திருமணமே போதும் என்று எண்ணினோம்.' 'கணவர் விபத்தில் படுத்திருந்தார்.' பதிமூன்றாவதாக இருபத்திரண்டாம் வரிக்கு வந்தாள். கொஞ்ச நேரம் வெறும் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தட்டினாள்.

'அப்போது பன்னிரண்டு வயதாக இருந்த நான், ரோகினி, என் தாயின் மரணச் சான்றிதழை எடுத்து மறைத்து வைத்தேன். அதனால் என் தந்தையின் விண்ணப்பம் திரும்பி வந்தது. என் தம்பி பதிவுக்கு முன் பிறந்ததற்கு நானே காரணம்.'

சின்னம்மா பார்த்ததை அவள் எழுதவில்லை.

சரியாக மூன்று மணிக்கு ருமைசா வந்தாள். நீலத் தலைத்துண்டு, தோளில் கனமான பை, வந்ததும் வேலையைத் தொடங்கிவிடுகிற சுபாவம். ஒவ்வொரு குடும்பமாக வந்து கையெழுத்துப் போட்டுப் போனார்கள். மூன்றரைக்கு இருபத்திரண்டாம் வரியைப் படித்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, இதுல உங்க பேரப் போட்டுத்தான் ஆகணுமா? பேப்பர் தொலஞ்சு போச்சுன்னு எழுதினாலும் தப்பில்ல."

"தொலஞ்சு போகல."

"அப்பா படிப்பாரே."

"படிக்கட்டும்."

மூன்றே முக்காலுக்குத் தங்கராஜு வந்தார். தொழிற்சாலைக் காவல் வேலை முடிந்து, சீருடையோடு, தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. மூக்குக் கண்ணாடியை மாட்டி, ஆள்காட்டி விரலை வரி வரியாக நகர்த்திப் படித்தார். விரல் ஓர் இடத்தில் நின்றது. மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

பஞ்சாலை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சை நிறுத்தப்போகிறார் என்று ரோகினி நினைத்தாள். எத்தனை வருடம்? பதினொன்றா, அதற்கும் மேலா?

தங்கராஜு கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மா கடுதாசி இப்ப எங்க இருக்கு?"

"சிரம்பான்ல, என் ஃபைல்லப்பா."

"பத்தரமா இருக்கா?"

"இருக்குப்பா."

தலையை மட்டும் ஆட்டினார். பேனாவை வாங்கி, அவசரமில்லாமல், தங்கராஜு என்று முழுப் பெயரையும் எழுதினார். ரோகினிக்கு அவர் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் போலிருந்தது, ஆனால் அவர் அதற்கு இடம் கொடுக்காமல் சுற்றிலும் பார்த்தார்.

"பையன் எங்க? அவனும் போடணும் இல்ல?"

பஞ்சாலை வாசலைப் பார்த்தாள்.

"வந்துருவாரு சார். அஞ்சு மணி வரைக்கும் இருக்கேன்" என்றாள் ருமைசா. "அதுக்குள்ள மத்ததச் சரிபாத்துருவோம். யோகேந்திரனோட அசல் பெறப்பு சூராட்ட எடுங்கக்கா. அது இல்லாம கட்டுல வைக்க முடியாது."

மேசைமேல் முப்பத்தேழு கோப்புகளும் வரிசையாக இருந்தன. போன வாரமே ரோகினி வாங்கி, ஒவ்வொரு பிறப்புப் பத்திரத்தையும் கண்ணாடித்தாள் உறைக்குள் போட்டு, எண் எழுதி அடுக்கியவை. இருபத்திரண்டாம் எண்ணை எடுத்தாள். உறையைத் திறந்தாள்.

உள்ளே ஒன்றுமில்லை.

கோப்பைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள். மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தாள். முன்னால் இருந்த கோப்பு, பின்னால் இருந்த கோப்பு, சிவப்புப் பை, எல்லாவற்றையும் தேடினாள். பின்கட்டிலிருந்து யோகி வாசலுக்குப் போன வழியில்தான் இந்த மேசை இருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

தங்கராஜு வெறும் உறையைக் கையில் வாங்கிப் பார்த்தார். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் லயத்து வீட்டில் கேட்டதையே, அதே குரலில் கேட்டார்.

"இங்க வெச்ச கடுதாசிய யாரு எடுத்தா?"

இந்த முறை ரோகினி தலையை ஆட்டவில்லை. கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். மண்டபத்துக் கடிகாரத்தில் நான்கு அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது.